முழங்கைக்குக் கீழே

கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களாம்மா? பையை நான் மடியிலயே வச்சுக்கறேன். வேணாம் வேணாம், ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஒத்துக்காது. எங்க போறேனா? ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊரு. நாளைக்குக் காலையில புது இடத்துல டூட்டியில சேரணும். நர்ஸும்மா நான். பாக்கியசீலின்னு பேரு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு. பதினாலு மாசம் இருக்கிற பொம்பளையைத் தூக்கி இன்னொரு ஜில்லாவுல போடுவாங்களா? போட்டாங்களே.

எதுக்குன்னு கேளுங்க. கேட்டா சிரிப்பீங்க. வளையலுக்கு. கண்ணாடி வளையல். திருவிழாக் கடையில அடுக்கி வச்சு விக்கிறானே, அதே வளையல்தான்.

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். சோறு போட்ட இடம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, அம்புட்டுத் தெரிஞ்சாப் போதும். அதுல பச்சைப் பிள்ளைக வார்டுக்கு நான்தான் பொறுப்பு. குறைமாசத்துல பொறந்தது, எடை இல்லாதது, மூச்சு விடத் திணறுறது, எல்லாம் அங்கதான் வரும். வார்மர்னு ஒரு சூட்டு மேடை இருக்கும், அதுல கிடக்கும். சில பிள்ளைகளை ஒரு கையில ஏந்திரலாம். பெத்தவளே தொடப் பயப்படுவா. நான் பயந்ததில்ல. என் கைக்கு வந்த பிள்ளை பொழைச்சிரும்னு டாக்டருங்களே சொல்லுவாங்க. நானா சொல்லலை, அவங்க சொன்னது.

அங்க செண்பகவல்லின்னு ஒரு நர்ஸ். முப்பத்திநாலு வயசு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கலை. ஊரான் பிள்ளைக்கெல்லாம் மூக்குல குழாய் போட்டு, பாலாடையில பால் ஊத்தி, தேத்தி அனுப்புவா. வீட்டுக்குப் போனா மாமியாக்காரி வாய்க்குப் பதில் சொல்லி மாளாது. அந்தப் பிள்ளை ஒரு நா என் காதுல வந்து, "சிஸ்டர், நாப்பது நாள் தள்ளிப் போயிருக்கு"ன்னு சொன்னா பாருங்க, கையில இருந்த ட்ரேயைக் கீழ போட்டுட்டேன். ஊசியெல்லாம் தரையில. அம்புட்டு சந்தோசம் எனக்கு.

ஏழாம் மாசம் வந்துச்சு. மாமியா வீட்டுல, கண்ணு பட்டுரும், ஒன்பதாம் மாசம் பாத்துக்கலாம்னுட்டாங்க. எங்க பிள்ளைக விடுமா? டூட்டி ரூம்லயே வளைகாப்பு வச்சுட்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒருத்தி புளிசாதம், ஒருத்தி தேங்காய்சாதம், ஒருத்தி சந்தனம். நாற்காலியில உக்கார வச்சு, கழுத்துல ஒரு மாலையும் போட்டாச்சு. நாங்க வேதக்காரங்க, எங்க சபையில இதெல்லாம் கிடையாது. ஆனாலும் ஒரு பிள்ளைத்தாச்சிக்குச் செய்யிறதுல என்ன வந்துச்சு?

அதோட நான் புருஷன் இல்லாதவ. பதினோரு வருஷமாச்சு. அதுனால கதவோரமாத்தான் நின்னேன். விவரம் தெரியாதா எனக்கு? அவ நிமிர்ந்து பாத்து, "முதல் வளையல் சிஸ்டர்தான் போடணும்"னா. "ஏய், வேணாம்டி, சும்மாரு"ன்னேன். "நீங்க போடலேன்னா நான் யார்கிட்டயும் போட்டுக்க மாட்டேன்"ன்னு கையை நீட்டிட்டே உக்காந்திருக்கா. என்ன செய்ய? போட்டேன். அவ சும்மா இருந்தாளா? ரெண்டு பச்சை வளையலை எடுத்து என் கையில மாட்டிவிட்டுட்டா. வளைகாப்புக்கு வந்தவங்களுக்கும் போட்டு அனுப்பணும்ல, அந்தக் கணக்கு. மத்த பிள்ளைகளுக்கும் ரெண்டு ரெண்டு. அதுக மறுநாளே கழட்டி வச்சிருச்சுக.

நான் கழட்டலை. சொன்னா என்ன நினைப்பீங்களோ. பதினோரு வருஷம் வெறுங்கையா இருந்தவளுக்கு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நல்லா இருந்துச்சும்மா. அதுல ஒரு தப்பும் இல்ல.

தப்பெல்லாம் அனுசியா டாக்டர் வந்த பிறகுதான் தப்பாச்சு. கிருமி பாக்கிற டாக்டர் அந்தம்மா. சின்னப் பொண்ணு, என் மகன் வயசுதான் இருக்கும். வந்த வாரமே கை கழுவுற இடத்துக்கு மேல ஒரு அட்டையை ஒட்டிட்டாங்க. முழங்கைக்குக் கீழே ஒண்ணும் இருக்கக் கூடாது. வாட்ச் கூடாது, மோதிரம் கூடாது, கோயில் கயிறு கூடாது, வளையல் கூடாது. கழட்டிப் பையில வச்சுட்டு வாங்க, போகையில போட்டுக்கங்கன்னு தன்மையாத்தான் சொல்லுச்சு. பொய் சொல்லக் கூடாது.

வளைகாப்பு வளையலைக் கழட்டிப் பையில வைக்கிறதாவது! பிரசவம் ஆகுற வரைக்கும் கையில கிடக்கணும்ல? இதுல இன்னொண்ணு இருக்கு. செண்பகம் அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மாமியாக்காரி கையைப் பாத்துருக்கா. "முதல் வளையல் போட்டது யாரு?"ன்னு கேட்டிருக்கா. இந்தக் கூறுகெட்ட கழுதை என் பேரைச் சொல்லிருச்சு. "தாலியறுத்தவ கையாலயா வாங்கிட்டு வந்த? போட்டது போட்டாச்சு. இதுல ஒண்ணு கழண்டு, உன் வயித்துல இருக்கிறதுக்கு ஒண்ணுன்னா, அவ வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துவேன்"ன்னு சொல்லியிருக்கா. இவ மறுநாள் வந்து என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்குச் சிரிப்பு வரலை. நீங்களே சொல்லுங்க, வருமா?

அதுனால நான் ஒரு வழி பண்ணேன். வார்டுல எல்லாருக்கும் முழுக்கை கவுன் வாங்கிப் போட்டேன். டாக்டரம்மா சுத்தி வர்ற நேரத்துல கையை இழுத்து விட்டுக்கன்னு செண்பகத்துகிட்ட சொல்லிட்டேன். நானும் இழுத்து விட்டுக்குவேன். வாரா வாரம் ஒரு தாள்ல, எல்லார் கையும் வெறுங்கைன்னு இன்சார்ஜ் கையெழுத்துப் போடணும். போட்டேன். அதுல என்ன, ஒரு கையெழுத்துதானே.

மூணு வாரத்துல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. குறைமாசப் பிள்ளைன்னா காய்ச்சல்னு கொதிக்காது, சில்லிட்டுப் போகும், பால் குடிக்காது, நிறம் மாறும். ரத்தத்துல கிருமி. கிளெப்சியெல்லான்னு ஒரு பேரு. ஆஸ்பத்திரியிலயே குடியிருக்கிற கிருமி அது. எந்த மருந்துக்கும் அடங்காது. அந்தப் பிள்ளை எப்படியோ தப்பிச்சிருச்சு. பெரிய ஊருக்கு அனுப்பிப் பொழைச்சிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே செண்பகம் என்கிட்ட வந்தா. கண்ணெல்லாம் செவந்திருக்கு. "சிஸ்டர், கழட்டிரவா?"ன்னா. "எதை?"ன்னேன். தெரியாத மாதிரி. "எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். என்னாலன்னா?" "உன்னால இல்லடி. வர்ற அம்மாக்காரிக கையைப் பாத்தியா? காட்டு வேலை பாத்த கையோட அப்படியே வர்றாளுக. அதுல வந்தது. கழட்டுனே, நான் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்"னேன்.

அதோட நான் விடலை. என் பொறுப்பு எனக்குத் தெரியும்ல? மறுநாள்ல இருந்து அவளைப் பிள்ளைகளைத் தொட விடலை. நீ சார்ட் எழுது, வேணுங்கிற மருந்துக்கு இண்டென்ட் எழுது, உக்காந்திருன்னுட்டேன். அவ பாக்க வேண்டிய பிள்ளைகளையும் நானே பாத்தேன். என் டூட்டி, அவ டூட்டி ரெண்டும் ஒரே கை. பதினோரு பிள்ளைக. பால் குடுத்து, துணி மாத்தி, ஊசிக் குழாய் மாத்தி, ஒரு வாய் தண்ணி குடிக்க நேரமிருக்காது. இந்த வயசுல வேற யாரு செய்வா? ஒருத்தரும் அதைக் கணக்குல எடுத்துக்கலை.

அப்படி என் கைக்கு வந்தவன்தான் காளீஸ்வரி மகன்.

காளீஸ்வரின்னு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்த பொண்ணு. இருபத்திரெண்டு வயசு இருக்கும். எட்டாம் மாசம் ஆரம்பத்துலயே வலி வந்து பெத்துட்டா. ஒரு கிலோ இருநூறு கிராம். ஆனா என்ன வீம்புங்கிறீங்க அவனுக்கு! குழாயைப் புடிச்சு இழுப்பான். அழுக ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். நான் போய் வார்மர் மேல கையை வச்சேன்னு வைங்க, வளையல் சத்தம் கேட்டதும் கப்புனு நிறுத்திருவான். கண்ணைத் திருப்பிப் பாப்பான். பாக்கத் தெரியாது அந்த வயசுல, எனக்குத் தெரியும். ஆனா பாத்தான். செண்பகம் மேஜையில இருந்து, "பாருங்க சிஸ்டர், உங்களைக் கண்டுக்கிட்டான்"ம்பா. பத்து நாள்ல நூத்திருபது கிராம் ஏறியிருந்தான். பாலாடையில மிடறு மிடறா குடிப்பான். அவன் அம்மா கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டே நிப்பா.

அவளை நான் ஏசியிருக்கேன், இல்லேங்கலை. வார்டுல ரெண்டாவதா இன்னொரு பிள்ளைக்கும் காய்ச்சல் வந்த அன்னைக்கு எல்லா அம்மாக்களையும் வரிசையா நிறுத்தி வச்சு நகத்தைப் பாத்தேன். அவ நகத்துல கறுப்பா கறை. "இந்தக் கையோடயா பிள்ளையைத் தொட்ட?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். "தீப்பெட்டி மருந்து சிஸ்டரம்மா, கழுவினாப் போகாது"ன்னா. "போகாட்டி நீ உள்ள வராத. பால மட்டும் பீச்சிக் குடு"ன்னேன். மறுநாள் வந்தா பாருங்க, தேங்கா நாரு வச்சுத் தேய்ச்சிருக்கா. நகக்கண்ணெல்லாம் ரத்தம். கறை போகலை. மருந்துக் கறை எப்படிப் போகும்? நெஞ்சு மேல போட்டுக்கிட்டு உக்காந்தா பிள்ளைக்குச் சூடு கிடைக்கும், எடை ஏறும், அதுக்குத்தான் அம்மாக்களை உள்ள விடுறது. அவளை நான் விடலை. ஒன்பது நாள் அவ தொடலை அவனை.

பத்தொன்பதாம் நாள் காலையில பால் குடிக்கலை. நான் கன்னத்தைத் தட்டுறேன், உள்ளங்காலைச் சுண்டுறேன், வளையலை ஆட்டுறேன். கண்ணைத் திருப்பலை. மறுநாள் பதினோரு மணிக்குப் போயிட்டான். எனக்கு எம்புட்டோ பிள்ளை போயிருக்கு இந்த முப்பத்தோரு வருஷத்துல. எண்ணி வச்சுக்கலை. இவனுக்கு மட்டும் துணி சுத்தையில என்னால முடிச்சுப் போட முடியலை. செண்பகம்தான் எந்திரிச்சு வந்து போட்டா.

அன்னைக்கே அனுசியா டாக்டர் பஞ்சுக்குச்சியோட வந்துருச்சு. கை கழுவுற தண்ணிக் குழாய், தொட்டி, வார்மர், பால் கிண்ணம், எல்லாத்தையும் தடவி எடுத்துச்சு. பிறகு எங்க கையை நீட்டச் சொல்லுச்சு. செண்பகம் தானா கவுனை மேல ஏத்திவிட்டா. அடுக்கா வளையல். டாக்டரம்மா அவ வளையலைத் தடவி எடுத்துட்டு என் பக்கம் திரும்புச்சு. நானும் ஏத்திவிட்டேன்.

ரிசல்ட் வந்துச்சு. குழாயில அந்தக் கிருமி இருந்துச்சு. பாத்தீங்களா? குழாய்! அதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்றேன். அந்தக் குழாய் ஒழுகுது, மாத்துங்கன்னு ஆறு மாசமா எழுதிக் குடுக்கறேன், எவன் கேட்டான்? செண்பகம் வளையல்ல ஒண்ணுமே இல்ல. சுத்தம். முதல் பிள்ளைக்கு வந்ததுல இருந்து அவ தினமும் ஸ்பிரிட்டு போட்டு ஒவ்வொரு வளையலாத் தொடைச்சிருக்கா, என்கிட்டகூடச் சொல்லலை.

என்னோடதுலயா? இருந்துச்சுன்னு போட்டிருந்தாங்க. அதே கிருமி. அந்தப் பிள்ளை ரத்தத்துல இருந்தது, குழாயில இருந்தது, இந்த ரெண்டு வளையல்ல இருந்தது, மூணும் ஒண்ணுன்னு. நான் கேட்டேன், "குழாயில இருந்து என் கைக்கு வந்துச்சா, என் கையில இருந்து குழாய்க்குப் போச்சா, அதைச் சொல்லுங்க டாக்டர்"னு. அந்தப் பொண்ணு ரிசல்ட் தாளை மடிச்சு வச்சுச்சு. பிறகு, "எப்படி வந்திருந்தாலும் சிஸ்டர், வெறுங்கையா இருந்திருந்தா கழுவினதுல போயிருக்கும். வளையலுக்கு அடியில கழுவ முடியாது"ன்னுச்சு. ஏசியிருந்தாக்கூட நான் நல்லா சண்டை போட்டிருப்பேன்.

குழாயை மாத்துனாங்க. அதுக்கப்புறம் ஒரு பிள்ளைக்கும் வரலை. பாருங்க, குழாயை மாத்துனதும் நின்னு போச்சு. அதே நாள்லதான் நானும் கழட்டுனேன், அது வேற விஷயம்.

விசாரணை வச்சாங்க. சூப்பிரண்டு கேட்டாரு, வாரா வாரம் வெறுங்கைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேன்னு. செண்பகத்தையும் கூப்பிட்டாங்க. நான் முந்திக்கிட்டு, "அவ கழட்டறேன்னுதான் சொன்னா, நான்தான் விடலை"ன்னுட்டேன். அவ வரைக்கும் போகலை விஷயம். அந்த அளவுக்கு நான் மனுஷிதான்.

அவளுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. மூணு கிலோ. நல்லா இருக்குதாம். மாமியாக்காரி தெருவெல்லாம் சீனி குடுத்தாளாம். நான் போய்ப் பாக்கலை. கூப்பிட்டாத்தானே போறது.

காளீஸ்வரியைச் சொல்லலையே. பிள்ளை போன பதினாறாம் நாளோ என்னவோ, சர்டிபிகேட் வாங்க வந்தா. புருஷன் ஆபீஸ்ல நிக்கிறான், இவ மட்டும் என்னைத் தேடி வார்டு வாசலுக்கு வந்துட்டா. அன்னைக்கு என் கையில ரிசல்ட் வந்து நாலு நாளாச்சு. மடியில ரெண்டு கையையும் மறைச்சு வச்சுக்கிட்டு உக்காந்தா. "சிஸ்டரம்மா, நீங்க பெத்தவ மாதிரி பாத்துக்கிட்டீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், மறைக்காமச் சொல்லணும்"னா. சொல்லுன்னேன்.

"என் கையிலருந்துதானே அவனுக்கு வந்துச்சு?"

அம்மா, அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்? விசாரணை நடந்துக்கிட்டிருக்கு. வெளியில பேசக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க. அவ புருஷன் பத்தடியில நிக்கிறான். ஊர்க்காரங்களைக் கூட்டிட்டு வந்து கல்லெறிஞ்சா? இத்தனை பிள்ளைக இருக்கிற வார்டு. நான் யோசிக்கணும்ல? ஆறுதலாத்தான் சொன்னேன். தலையைத் தடவிக் குடுத்துத்தான் சொன்னேன். "நடந்தது நடந்து போச்சு. மனசைப் போட்டு அலட்டிக்காத. அடுத்த பிள்ளைக்காவது கையைச் சுத்தமா வச்சுக்கோ"ன்னேன்.

அவ எந்திரிச்சு நின்னு கும்பிட்டா.

செண்பகம் உள்ள மேஜையில இருந்து கேட்டுக்கிட்டிருந்திருக்கா. அன்னையில இருந்து என்கிட்டப் பேச்சு இல்ல. பிரசவத்துக்கு லீவு போட்டுட்டுப் போற அன்னைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னா. "அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்துருங்க சிஸ்டர்." அம்புட்டுதான். ஒன்பது மாசப் பிள்ளைத்தாச்சி, என் காலைத் தொடக் குனிஞ்சா. நான் தொட விடலை.

எனக்கு யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆனா காளீஸ்வரி ஊருப் பக்கத்துக் கிராம நர்ஸ் எனக்குத் தெரிஞ்சவ. போன மாசம் ஒரு கூட்டத்துல பாத்தப்பச் சொன்னா. காளீஸ்வரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போறதை விட்டுட்டாளாம். ஊருல யாரு பிள்ளையையும் தூக்க மாட்டேங்கிறாளாம். அக்கா பிள்ளை தவழ்ந்து வந்து மடியில ஏறுனாக்கூட கையை ரெண்டையும் மேல தூக்கிக்கிறாளாம், பட்டுரும்னு. புருஷன் அடுத்த பிள்ளை பேச்சை எடுத்தா, என் கைக்குப் பிள்ளை ஆகாதுன்னு அழுகுறாளாம். கிறுக்கு பிடிச்சிருச்சுன்னு ஊருல பேச்சு. கூறு இருக்கா பாருங்க. கழுவினா எல்லாக் கையும் கைதானே? ஒரு வார்த்தை யாராவது எடுத்துச் சொன்னாத் தெளிஞ்சிரும். யாராவது.

நீங்க ஏம்மா என் மூஞ்சியையே பாக்கறீங்க? இல்ல, அழுகலை, காத்து அடிக்குதுல்ல. சாத்த வேணாம், பரவால்ல.

கண்டக்டர் என்ன கத்துறாரு? வேலாங்குளம் விலக்கா? வந்துருச்சா அதுக்குள்ள? இங்க இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள நடந்தா அவ ஊரு. ரெண்டாவது தெரு, தண்ணித்தொட்டிக்கு எதுத்தாப்புல. போனதில்ல. கேட்டு வச்சிருக்கேன், சும்மா.

பாருங்க, நேரா போற பஸ்ஸு காலையில ஒண்ணு இருந்துச்சு. அதை விட்டுட்டேன்.

"வேலாங்குளம் விலக்கு ஒரு டிக்கெட் வாங்கினது யாரு? இறங்குங்க, இறங்குங்க, நேரமாகுது!"

பின்னாடி யாரும் எந்திரிக்கலையா? நல்லாப் பாருங்கம்மா. முன்னாடி?

யாருமில்ல தம்பி. நீங்க விசில் குடுங்க. எனக்கு இங்கிருந்து ராமநாதபுரத்துக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடுங்க.